ஒரு டம்ளர் தண்ணீர்

வீட்டுக்கு யாராவது வந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து நீட்டுகிறோம். காப்பி பிறகு வரும். பலகாரம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. தண்ணீர் மட்டும் கேட்காமலே வந்துவிடும். தபால்காரரானாலும் சரி, சம்பந்தி வீட்டாரானாலும் சரி, அந்த முதல் டம்ளருக்கு வித்தியாசம் கிடையாது.

"இது என்ன பெரிய தர்மம்? வெறும் தண்ணீர்தானே!" என்று நீங்கள் கேட்கலாம். பெரிய தர்மம்தான் என்று சொன்னார் இயேசுநாதர். சிறியவர்களில் ஒருவனுக்கு ஒரு கலம் குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்தவன்கூடத் தன் பலனை இழந்து போகமாட்டான் என்பது அவர் வாக்கு. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம் இந்த வார்த்தையோடுதான் முடிகிறது.

அவர் அடுக்களையை நன்றாக அறிந்தவர், சகோதரிகளே! அவர் சொன்ன உவமைகளைப் பாருங்கள். உப்பு, விளக்கு, மாவைப் பொங்க வைக்கும் புளிப்பு, பழைய துணியில் போடும் ஒட்டு, காணாமற்போன ஒரு காசுக்காக விளக்கேற்றி வீட்டையெல்லாம் பெருக்கும் பெண்... எல்லாம் நம் கையில் தினமும் புரளும் சாமான்கள். பரலோகத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் நம் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டுகிறார்.

இந்த வாரம் அந்த ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் கொண்டு தருமபுரி மாவட்டத்துக்குப் போய் வருவோம். எதற்காக இவ்வளவு தூரம் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

பெயரிலேயே தருமத்தை வைத்துக் கொண்டிருக்கும் ஊர் அது. பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட சீமை. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை, அதன் பெருமையைச் சொல்லாமலே ஔவையின் கையில் வைத்தானே, அந்த அதியமான். தான் கொடுப்பது இன்னதென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து கொடுத்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தச் சீமையில் காலங்காலமாகத் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்தே வந்தார்கள். தாகம் என்று வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காத தாய் எங்கே இருக்கிறாள்? ஆனால் பல கிராமங்களில் அந்தக் குழந்தைகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது, பல்லின் மேல் சுண்ணாம்புத் திட்டுகளும் மஞ்சள் கோடுகளும் பழுப்புக் கறைகளும் இருந்தன. வேப்பங்குச்சியால் தேய்த்தாலும் போகாது, பற்பொடியால் தேய்த்தாலும் போகாது. வயது வந்த பெண் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக் கொள்வாள். இன்னும் பல வருஷங்கள் அதே தண்ணீரை மிகுதியாகக் குடித்தவர்களுக்கு முதுகும் கழுத்தும் முழங்காலும் இறுகிப் போகும். குனிந்து ஒரு குடத்தைத் தூக்குவது பெரும்பாடாகிவிடும்.

குற்றவாளி யார் என்றால், தண்ணீரில் கரைந்திருந்த புளோரைடு என்னும் உப்பு. இந்தியாவில் இந்த நோயை மருத்துவர்கள் 1937-லேயே கண்டு எழுதிவிட்டார்கள். அதுவும் அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பகுதியில்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? பாறையிலிருந்துதான். தருமபுரியில் மண்ணுக்கடியில் கருங்கல் பாறை. அந்தப் பாறையின் தாதுக்களில் புளோரைடு இருக்கிறது. மழைத் தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கி, வருஷக்கணக்கில் தங்கி, மெள்ள மெள்ள அதைக் கரைத்துக் கொள்கிறது. திறந்த கிணறுகள் வற்றின. ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். நெடுநாள் பாறைக்குள் அடைந்து கிடந்த தண்ணீர் மேலே வந்தது.

கொஞ்சமாக இருந்தால் புளோரைடு பல்லுக்கு நல்லதுதான். லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டுக் கணக்கு. அதற்கு மேல் போனால் தொல்லை. அதிலும் சுமார் எட்டு வயது வரை, ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகும் காலத்தில்தான் பல்லில் கறை விழுகிறது. கறை கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்து போயிருக்கும்.

இதில் கொடுமை எது தெரியுமா? அந்தத் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை, ருசியிலும் வித்தியாசமில்லை. "நான் நன்றாகக் காய்ச்சி, ஆற வைத்து, வடிகட்டித்தான் கொடுக்கிறேன்" என்பாள் ஒரு பொறுப்புள்ள தாய். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே மிச்சத் தண்ணீரில் அது முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

"அப்பம் கேட்கிற பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கிற தகப்பன் உங்களில் உண்டா?" என்ற கருத்தில் இயேசுநாதர் ஓரிடத்தில் கேட்கிறார். யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் அதற்குப் பதில். தருமபுரித் தாயும் கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் தண்ணீரிலே கல் கரைந்து கிடந்தது. அவள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

இங்கேதான் அந்த ஒரு டம்ளர் தண்ணீர் நமக்குப் பாடம் சொல்கிறது. அன்பு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது போதாது. கொடுக்கிற கை கனிவாக இருந்தால் மட்டும் ஆகாது, கலத்துக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணும் பார்க்க வேண்டும். பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி நகரத்துச் சபையாருக்கு எழுதிய கடிதத்திலே இதைத்தான் வேண்டிக் கொள்கிறார். உங்கள் அன்பு பெருகட்டும் என்று நிறுத்தாமல், அறிவோடும் பகுத்துணர்வோடும் பெருகட்டும் என்கிறார். அறிவைத் தேடுவது அன்புக்கு விரோதமல்ல. அதுவும் அன்பின் வேலைதான்.

வேதாகமத்தில் தருமபுரியைப் போலவே ஓர் ஊர் வருகிறது. எரிகோ பட்டணம். எலிசா தீர்க்கதரிசியிடம் அவ்வூர் மக்கள் வந்து, ஊர் இருக்கிற இடமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் கெட்டது, நிலமும் பலன் தருவதில்லை என்று முறையிட்டார்கள். அவர் ஒரு புதுப் பாத்திரத்தில் உப்புக் கொண்டு வரச் சொன்னார். அதை எடுத்துக் கொண்டு எங்கே போனார்? வீடு வீடாகப் போய்க் குடத்திலே தெளிக்கவில்லை. நேரே ஊற்றுக்கண் இருக்கும் இடத்துக்குப் போனார். உப்பை அங்கே போட்டார். தண்ணீர் நல்லதாயிற்று என்கிறது கதை.

அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் கவனிக்கச் சொல்வது அவர் நடந்த திசையை. வீட்டுக்கு வீடு அழுது தீராத துன்பம் என்றால், அது தொடங்குகிற இடத்துக்குப் போக வேண்டும்.

தருமபுரிக்கும் அதுதான் வழியாயிற்று. பாறைத் தண்ணீரை விட்டுவிட்டு, ஒகேனக்கல்லில் ஓடுகிற காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டு போவதென்று தீர்மானித்தார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவி கிடைத்தது. 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 1,900 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்ட வேலை. அருவியைப் பார்க்கவும் பரிசல் சவாரி செய்யவும் நாம் போகிற ஒகேனக்கல், இன்று குழந்தைகளின் பல்லுக்கும் எலும்புக்கும் காவலாக நிற்கிறது.

குழாய் வந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. கோடையில் குழாய்த் தண்ணீர் குறைகிற நாளில் கை தானாகப் பழைய ஆழ்துளைக் கிணற்றைத் தேடிப் போகும். எது குடிக்க, எது துணி துவைக்க என்று அந்த வீட்டுப் பெண்தான் தினமும் நினைவு வைத்துப் பிரிக்க வேண்டும். அவள் மறந்தால் வாரியத்தின் பெரிய குழாயும் பிரயோசனப்படாது. பால், கேழ்வரகு, கீரை போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள உணவும், நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவையும் கெடுதலைக் குறைக்க உதவும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். கேழ்வரகுக் களி அந்தச் சீமையின் பழைய சாப்பாடு. நெல்லிக்கனியோ அதியமான் கொடுத்தது! ஆனால் நல்ல தண்ணீருக்கு இவை ஈடாகா, துணைதான்.

இதோடு முடித்துக் கொள்ளலாம் என்றால் சுவிசேஷம் விடுவதில்லை. கலத்திலே கண்ணுக்குத் தெரியாத நஞ்சு இன்னொன்றும் உண்டு என்கிறது.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நாலாம் அதிகாரத்தில் ஒரு கிணறு வருகிறது. உச்சி வேளை. நடந்து களைத்த இயேசுநாதர் கிணற்றருகே தனியாக உட்கார்ந்திருக்கிறார். மொண்டு குடிக்க அவரிடம் பாத்திரமில்லை. ஒரு சமாரியப் பெண் குடத்தோடு வருகிறாள். "தாகத்துக்குத் தா" என்று கேட்கிறார். அவள் திகைத்துப் போகிறாள். காரணம், யூதர்கள் சமாரியரோடு புழங்க மாட்டார்கள். சமாரியர் தொட்ட பாத்திரத்தில் யூதர்கள் குடிக்க மாட்டார்கள் என்றே அந்த வாக்கியத்துக்குப் பொருள் சொல்லும் அறிஞர்களும் உண்டு.

இதைப் படிக்கும்போது நமக்கு வெளிநாட்டுக் கதை போலவா இருக்கிறது? தமிழ்நாட்டுக் கிராமங்களில் டீக்கடையில் இவர்களுக்கு ஒரு டம்ளர், அவர்களுக்கு ஒரு டம்ளர் என்று வைத்த வழக்கத்துக்கு இரட்டைக் குவளை என்றே பெயர் விழுந்துவிட்டது. தீண்டாமையை ஒழித்து அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது 1950-ல். அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் வந்தது 1955-ல். சட்டம் வந்தும் குவளை உடனே மாறவில்லை. இயேசுநாதரின் பெயரைச் சொல்லும் சபைகளும் இதற்கு விலக்கல்ல. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பக்கம் பிரித்துச் சுவர் வைத்த ஊர்கள் இந்தத் தமிழ்நாட்டில் உண்டு.

"நாங்கள் பட்டணத்தில் இருக்கிறோம், எங்கள் வீட்டில் சாதியெல்லாம் பார்ப்பதில்லை" என்பீர்கள். நல்லது. வேலைக்கு வருகிற அம்மாள் எந்த டம்ளரில் காப்பி குடிக்கிறாள்? அந்த டம்ளர் அலமாரியில் மற்ற டம்ளர்களோடு இருக்கிறதா, இல்லை, பின்கட்டில் ஜன்னல் மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறதா? "சுத்தத்துக்காகத்தான்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். நம் வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் துலக்கிச் சுத்தம் செய்கிற கை அந்த அம்மாளுடைய கைதான் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்!

புளோரைடுக்கு நிறமில்லாதது போலவே இதற்கும் நிறமில்லை. காப்பியின் ருசியும் கெடுவதில்லை. கொடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வருஷக்கணக்கில் அதை வாங்கிக் குடிக்கிறவருக்கு முதுகு குனிந்து போகிறது. கூட வருகிற அவள் குழந்தையும் பார்த்துக் கொண்டிருக்கிறது. சின்ன வயதில் விழுகிற கறை எளிதில் போகாது என்று மேலே சொன்னேனே!

ஆகவே இந்த வாரம் நீங்கள் செய்ய இரண்டு சிறிய வேலைகள் சொல்கிறேன். ஒன்று, உங்கள் வீட்டில் குடிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால், ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்து அனுப்புங்கள். புளோரைடு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்தின் மூலம் செய்யலாம். கறை பல்லில் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது வேலைக்குப் பரிசோதனைக் கூடமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஜன்னல் மேல் இருக்கும் அந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கி வையுங்கள். அவ்வளவுதான்.

சமாரியப் பெண்ணின் கதையில் ஒரு சிறு விஷயத்தை யோவான் குறித்து வைத்திருக்கிறார். பேச்சு முடிந்ததும் அவள் ஊருக்குள் ஓடுகிறாள், குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு. ஏன் வைத்துவிட்டுப் போனாள் என்று அவர் சொல்லவில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டாள் என்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தாகத்தோடு ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் பாத்திரமில்லை. பெண்ணல்லவா, குடத்தை அவருக்காகத்தான் விட்டுப் போயிருப்பாள்.