ஒட்டுவதா, கரைப்பதா?

பிளாஸ்டிக் விமான மாடலை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது சூப்பர் குளூவைத்தான். நொடியில் பிடித்துக்கொள்ளும் என்பதே காரணம். அங்கேதான் வேலை கெடுகிறது.

தமியா, ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்களின் மாடல் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனால் ஆனவை. இதற்கு வேண்டியது பிளாஸ்டிக்கையே இளக்கும் கரைப்பான். தமியாவின் 'எக்ஸ்ட்ரா தின்' பாட்டிலில் இருப்பவை அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இறக்கையின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மூடியிலேயே உள்ள மெல்லிய பிரஷ்ஷால் விளிம்பைத் தொட்டால் போதும். திரவம் இடுக்கு வழியே தானாக ஓடிவிடும். லேசாக அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாகப் பிதுங்கி வரும். நன்றாகக் காய்ந்தபின் அதைத் தேய்த்துவிட்டால் இணைப்பு இருந்த சுவடே தெரியாது. விரல் மட்டும் அந்த இடுக்கின் மேல் இருக்கக் கூடாது. ரேகை அப்படியே பதிந்துவிடும்.

சூப்பர் குளூவுக்கும் இடம் உண்டு. உலோகத் தகடு, ரெசின் பாகங்களுக்கு அதுதான் சரி. அங்கே கரைப்பான் பிடிக்காது. ஆனால் விமானி அறையின் கண்ணாடிக்கு சூப்பர் குளூ ஆகவே ஆகாது, ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும். இத்தனைக்கும் 1942இல் வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு சூப்பர் குளூவின் மூலப்பொருளான சயனோஅக்ரிலேட்டில் தடுக்கி விழுந்தது, துப்பாக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் குறிநோக்கி செய்யும் முயற்சியில்தான். கண்ணாடிக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையே நல்லது. மிஞ்சியதை ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

ஒட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் முதலில் சுரண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கரைப்பான் பிளாஸ்டிக்கை எட்டாது. கரைப்பானின் ஆவி வெளியேற ஜன்னலும் திறந்தே இருக்கட்டும்.