உடைக்கிறது ஈஸி, சிதறினதை யார் அள்றது?

யூடியூப்ல "கேம்ல சுவரை உடைப்பது எப்படி"னு தேடிப் பாருங்க. பத்து நிமிஷத்துல கத்துக் கொடுத்துடுவாங்க. பிளெண்டர்ல சுவரை நாற்பது துண்டா வெட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரிஜிட்பாடி சேரு, குண்டு பட்டதும் முழுச் சுவரை எடுத்துட்டு துண்டுகளை அந்த இடத்துல வை. அவ்வளவுதான், சுவர் அழகா சிதறும். வீடியோவும் அங்கேயே முடிஞ்சுடும்.

சிதறின அந்த நாற்பது துண்டும் அப்புறம் என்ன ஆகணும்? இதுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வரி கோடுதான் பதில்: அஞ்சு செகண்ட் கழிச்சு டெஸ்ட்ராய். மினி ப்ராஜெக்ட்லயும் கேம் ஜாம்லயும் இந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். உடைப்பு நல்லா இருக்கா இல்லையாங்கிறதை வெடிக்கிற அந்த அரை நொடி தீர்மானிக்கிறதில்லை. அதுக்கப்புறம் இடிபாட்டை என்ன செய்றோம்ங்கிறதுதான் தீர்மானிக்குது. அதனால இது சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி பார்க்கிற வேலை இல்லை. முதல் நாளே எடுக்க வேண்டிய டிசைன் முடிவு.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 60 ஃப்ரேம் வேணும்னா, ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிறது சுமார் 16.6 மில்லி செகண்ட். எதிரியோட ஏஐ, அனிமேஷன், லைட்டிங், சவுண்ட் எல்லாம் அதுக்குள்ளதான். சுவருக்கு 40 துண்டுன்னா பத்து சுவருக்கு 400 ரிஜிட்பாடி. காத்துல பறக்கிற வரைக்கும் இதுங்க பெருசா தொந்தரவு பண்ணாது. கீழ விழுந்து குவியிறப்பதான் வம்பே. குவியல்ல ஒவ்வொரு துண்டும் பக்கத்துல இருக்கிற நாலைஞ்சு துண்டைத் தொடும். அந்த ஒவ்வொரு தொடுதலையும் பிசிக்ஸ் எஞ்சின் கணக்குப் போட்டுத் தீர்க்கணும். அசையாம கிடந்தா எஞ்சின் அதுங்களைத் தூங்க வெச்சுடும், உண்மைதான். ஆனா பிளேயர் ஓரத்துல ஒரு கல்லை உதைச்சா போதும், அதைத் தொட்டுக்கிட்டு இருக்கிற கூட்டமே முழிச்சுக்கும்.

சரி, அப்போ அஞ்சு செகண்ட்ல அழிச்சா என்ன தப்பு? ரெண்டு தப்பு. ஒண்ணு, கண்ணு முன்னாடி கிடந்த கல் பட்டுனு மறையும். அது நிஜக் கல்லுன்னு நம்பின பிளேயருக்கு அந்த நம்பிக்கை அப்பவே போயிடும். ரெண்டு, நூறு பொருளை ஒரே நேரத்துல உருவாக்கி, ஒரே நேரத்துல அழிச்சா அந்த ரெண்டு தடவையும் கேம் திக்கும். யூனிட்டில கார்பேஜ் கலெக்டர் வேற சேர்ந்துக்கும்.

கல்யாணப் பந்தியை யோசிச்சுப் பாருங்க. இலை எடுக்கிறவர் லேட் பண்ணா அடுத்த பந்தி உட்கார முடியாது. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவர் முன்னாடி இருந்து இலையை உருவினா சண்டை வரும். எப்ப எடுக்கணும், எதை எடுக்கணும்னு தெரிஞ்சவர்தான் பந்தியை நடத்த முடியும். இடிபாடும் அப்படித்தான்.

பெரிய கேம்கள் இதை எப்படி முடிவு பண்ணுச்சுன்னு பார்த்தா சுவாரஸ்யமா இருக்கும். 1993-ல வந்த டூம்ல கொன்ன எதிரிகளோட உடல் லெவல் முடியிற வரைக்கும் அங்கேயே கிடக்கும். அதெல்லாம் தட்டையான படங்கள், பிசிக்ஸ் கிடையாது, அதனால செலவும் கம்மி. ஆனா பலன் பெருசு. சுத்திச் சுத்தி வர்ற அந்த லெவல்கள்ல "இந்தப் பக்கம் ஏற்கனவே வந்துட்டோம்"னு சொல்ற அடையாளமே அதுதான். 2010-ல வந்த பேட்டில்ஃபீல்ட் பேட் கம்பெனி 2-ல சுவரை உடைச்சா சின்னச் சில்லுகள் தூசியோட தூசியா காணாம போயிடும். ஆனா ஓட்டை அப்படியே இருக்கும். அந்த ஓட்டை வழியா சுடலாம், சுடப்படலாம். ஆட்டத்தை மாத்துறது ஓட்டைதான், சில்லு இல்லை.

டியர்டவுன் இதுக்கு நேர் எதிர். ஸ்வீடனைச் சேர்ந்த டக்ஸிடோ லேப்ஸ் செஞ்சது, 2020-ல ஏர்லி ஆக்சஸ்லயும் 2022-ல முழுசாவும் வந்தது. அலாரம் அடிச்சதும் 60 செகண்ட்ல தப்பிச்சு ஓட, முன்கூட்டியே சுவர்களை இடிச்சு வழி பண்ணி வைக்கிறதுதான் கேமே. அங்க இடிபாடு தானா மறைஞ்சா கேமே இல்லை. அதுக்கு அவங்க கொடுத்த விலை, வாக்சல் அடிப்படையில சொந்தமா ஒரு எஞ்சினையே எழுதினது. 2023-ல வந்த தி ஃபைனல்ஸ் மாதிரி ஆன்லைன் ஷூட்டர்ல இன்னொரு சிக்கல். என் ஸ்கிரீன்ல பெரிய கல் ஒண்ணு மறைப்பா இருந்து, உங்க ஸ்கிரீன்ல அது இல்லைன்னா நான் செத்ததுக்கு யார் பொறுப்பு? அதனாலதான் அங்க உடைப்பை சர்வரே கணக்குப் போடுது.

இதுல இருந்து நான் எடுத்துக்கிற விதி ரொம்ப சிம்பிள். உடையிற ஒவ்வொரு பொருளையும் மாடல் பண்ணும்போதே மூணா பிரிச்சுடணும்.

முதல் வகை, ஆட்டத்தை மாத்துறது. வழியை மறைக்கிற தூண், பதுங்க உதவுற பாறை, சுவர்ல விழுந்த ஓட்டை. இதைத் தொடவே கூடாது. ஆனா விழுந்து அடங்கினதும் ரிஜிட்பாடியைக் கழட்டிட்டு அசையாப் பொருளா மாத்திடலாம்.

ரெண்டாவது, கண்ணுக்கு மட்டும் தெரியிறது. செங்கல், பலகை, கண்ணாடித் துண்டு. இதுக்கு ஒரு உச்சவரம்பு வைங்க. 100னு வெச்சா, லெவல் லோடு ஆகும்போதே 100 துண்டை உருவாக்கி பூல்ல போட்டுட்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்க. இடம் பத்தலைன்னா முதல்ல போக வேண்டியது கேமராவுக்குப் பின்னாடி கிடக்கிறது, அப்புறம் தூரத்துல கிடக்கிறது. கண்ணெதிர்ல இருக்கிறதை எடுத்தே ஆகணும்னா கொலைடரை அணைச்சு மெதுவா தரைக்குள்ள இறக்குங்க. துண்டுகளுக்குத் தனி லேயர் கொடுத்து ஒண்ணோட ஒண்ணு மோதாம பண்ணிட்டா, மேல சொன்ன குவியல் தலைவலி பாதி போயிடும். மேப்புக்கு வெளிய விழுந்து கீழ போய்க்கிட்டே இருக்கிற துண்டுகளையும் மறக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாது, ஆனா கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழ போனா பூலுக்குத் திரும்பிடணும்.

மூணாவது தூசி, பொடி. இது பார்ட்டிகிள் மட்டும்தான். கொலைடரே வேண்டாம்.

"இப்ப இருக்கிற கிராபிக்ஸ் கார்டுக்கு இதெல்லாம் எதுக்கு மச்சி?"னு கேட்கலாம். அந்த கார்டு யார்கிட்ட இருக்கு? நம்ம கேமை முதல்ல விளையாடப் போறது ஹாஸ்டல் ரூம்மேட்டோட பழைய லேப்டாப்பும், தங்கச்சியோட ஃபோனும்தான். அங்க ஓடலைன்னா அவங்களுக்கு அந்த கேமே இல்லை.

"ரியலிசம் வேணும்னா எதையுமே அழிக்கக் கூடாது"ங்கிறது அடுத்த வாதம். இதுல பாதி நியாயம் இருக்கு. உலகம் என் செயலை மறந்துட்டா, நான் அங்க ஒண்ணும் செய்யலைன்னுதான் அர்த்தம். ஆனா பிளேயர் சில்லை எண்ணி வெச்சுக்கிறதில்லை. "இங்க ஒரு சுவர் இருந்துச்சு, நான் உடைச்சேன்" அதுதான் மனசுல நிக்கும். அதுக்கு நாற்பது துண்டும் வேணாம். முறிஞ்ச அடிச்சுவர், கரி படிஞ்ச தரை, ஓரத்துல ஒரே மெஷ்ஷா ஒரு இடிபாட்டுக் குவியல், இது போதும். தடயம் இருக்கணும், அவ்வளவுதான்.

டீம் பிரிக்கும்போது வெடிப்பை யார் பண்றதுன்னு போட்டி இருக்கும். இடிபாட்டுக்கு ஒரு பேர் கூட எழுதியிருக்காது. அடுத்த ப்ராஜெக்ட்ல அந்தப் பேரையும் எழுதுங்க. டெமோவுக்கு முன்னாடி ஒரு சோதனையும் பண்ணிடுங்க: லெவல்ல உடையிறது எல்லாத்தையும் உடைச்சுட்டு, ஒரு நிமிஷம் காத்திருந்து, வந்த வழியே திரும்பி நடங்க. ஃப்ரேம் ரேட் தாக்குப் பிடிச்சு, நீங்க செஞ்ச அட்டகாசத்தோட தடயமும் அங்க இருந்தா, தைரியமா கொண்டு போய் காட்டலாம்.