திருமணியில் மருந்து, திரையில் சாபம்

தோலில் வெளிறிய தேமல். வலி இல்லை, அரிப்பு இல்லை, கிள்ளினாலும் தெரிவதில்லை. தொழுநோய் என்கிறார் மருத்துவர். உடனே பலர் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. "வீட்டில் சொல்லிடாதீங்க டாக்டர்", "பெண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம்", "மாத்திரையை வேற ஊர்ல வாங்கிக்கலாமா?" இவைதான் முதலில் வருகின்றன. அறியாமை என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். செங்கல்பட்டின் வரலாறு அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு எழுத விடுவதில்லை.

1898-இல் வந்த தொழுநோயாளிகள் சட்டம், ஆதரவற்றுப் பிச்சையெடுக்கும் நோயாளிகளைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வழி செய்தது. நோயாளிகள் சில தொழில்களைச் செய்யவும், பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் அதைக் கொண்டு தடை விதிக்க முடிந்தது. நோயின் பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பே போய்விடும் என்ற காலத்தில், மறைத்தவர் முட்டாள் அல்லர், தன்னைக் காத்துக்கொண்டவர்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், சென்னை மாகாண ஆளுநரின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் உருவானது. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1941-இல் சல்போன் மருந்துகள் பலன் காட்டின. அந்த 40-கள் முடிவதற்குள் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவ்வகை மருந்தைத் திருமணி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1947-இல் அங்கு வந்த வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கிப்போன ஒரு கை தன் கையை வலுவாகப் பற்றியதைக் கண்டு வியந்தார். முடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்கு அவரை இழுத்தது அந்தப் பிடிதான். 1955-இல் மத்திய அரசு இல்லத்தை ஏற்று, தொழுநோய்க்கான மத்திய பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது.

அதே சமயம் வெளியே என்ன நடந்தது? 1954-இல் 'ரத்தக்கண்ணீர்' படம் வந்தது. எம்.ஆர். ராதாவின் அபாரமான நடிப்பு, தொழுநோய் என்பது ஒழுக்கக்கேட்டின் கூலி என்பதைத் தமிழ்நாட்டு மனத்தில் ஆழமாகப் பதித்தது. 1955-இல் இந்து திருமணச் சட்டம், கடுமையான, குணமாகாத தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்றது. மருந்து கைக்கு வந்த காலத்தில் திரை நோயைச் சாபம் என்றது; சட்டம் குணமாகாது என்றது.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் குணம், மாத்திரையும் இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை நாடு 2005-இல் எட்டியது. ஆனால் 1898 சட்டம் நீங்கியது 2016-இல். மணமுறிவுக் காரணம் நீங்கியது 2019-இல். மருந்துக்கும் சட்டத்துக்கும் இடையே எழுபது ஆண்டுகள்.

இந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவர் நோயாளி. அஞ்சி மறைத்தவர் தாமதமாக வந்தார்; தாமதத்தால் நரம்பு கெட்டு விரல் மடங்கியது; மடங்கிய விரலைக் கண்டு அடுத்தவர் அஞ்சினார். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான குப்பங்களில் வலை இழுக்கும் ஒருவருக்கு உள்ளங்கை மரத்துப்போனால், கயிறு அறுத்த காயம்கூடத் தெரியாது. அவருக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. திண்ணையில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்க வாங்கிக்கொள்கிறார்கள். தீராத நோய்க்கு இல்லாத வெட்கம், தீரும் நோய்க்கு எதற்கு?

நோயின் பெயரைக் கேட்டதும் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அவருடைய துணிவு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஊர் அந்த நோயைப் பற்றி அதுவரை பேசி வைத்திருப்பதும் தீர்மானிக்கிறது. எனவே மருத்துவரும் செவிலியரும் நோயின் பெயரோடு சேர்த்தே, "குணமாகும், வேலைக்குப் போகலாம், வீட்டில் எல்லோரோடும் இருக்கலாம்" என்று சொல்லிவிட வேண்டும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காட்டியவரிடம் என்ன பாவம் செய்தாய் என்று கேட்காதீர்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.