பளபளப்பு பாதுகாப்பு அன்று

பழைய மர இசைக்கருவி ஒன்று ஒரு சேகரிப்புக்கு வந்து சேர்ந்தவுடன் ஒரு யோசனை தவறாமல் எழுகிறது: தூசியைத் துடைத்துவிட்டு நிறமற்ற பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்துவிடலாம். இன்று அந்த யோசனைக்கு நற்சான்றிதழ் ஒன்றும் கிடைத்திருக்கிறது. பூச்சு நீர் அடிப்படையிலானது, நெடி குறைவு, எண்ணெய் வார்னிஷ் போல் விரைவில் மஞ்சளாகாது, ஆகவே தீங்கற்றது என்கிறார்கள். இந்த 'ஆகவே'யில்தான் பிழை இருக்கிறது.

தென் அந்தமானின் அகா-பேயா மொழியில் 'புகுதா-யெம்ஙா' எனப்பட்ட அடிபலகையை எடுத்துக்கொள்வோம். இ. எச். மேன் 1880களில் வெளியிட்ட ஆய்வுகளிலும், எம். வி. போர்ட்மன் 1888இல் அந்தமானியர் இசை பற்றி எழுதிய கட்டுரையிலும் அது இடம்பெறுகிறது. வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்த படாக் மரத்தில் கேடயம் போலக் குடையப்பட்ட பலகை அது. குழிந்த பக்கம் நிலத்தை நோக்கியிருக்க, பாடுபவர் பாதத்தால் அதை அடித்து ஆடுவோருக்குத் தாளம் தருவார். பழைய பலகைகள் சிலவற்றில் வெண்களிமண் கோடுகளும் உண்டு. அகா-பேயா மொழியைப் பேசுவோர் இன்று ஒருவரும் இல்லை. எனவே பாதம் பட்டுத் தேய்ந்த இடமும், களிமண் கோடும், உளி விட்ட தடமும் வெறும் அழுக்கல்ல. அவை வேறெங்கும் எழுதப்படாத தரவுகள்.

நீர் அடிப்படைப் பூச்சு முதலில் அழிப்பது இந்தத் தரவுகளைத்தான். நீரில் குழைத்துத் தீட்டிய களிமண், ஈரத் தூரிகை பட்டதும் மீண்டும் குழையும். ஈரம் பட்ட மரத்தின் நார்கள் எழும்பி நிற்கும். அதனால்தான் தச்சர்கள் முதல் பூச்சு உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். புதிய மேசைக்கு அது முறையான வேலை. தேய்மானத்தையே சான்றாகக் கொண்ட பலகைக்கு அது சான்றழிப்பு.

அடுத்தது, திரும்பிவர வழியின்மை. அக்ரிலிக், பாலியூரித்தேன் துகள்கள் நீரில் மிதக்கும். நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று இணைந்து படலமாகும். உலர்ந்தபின் அந்தப் படலம் நீரில் கரையாது. அதை நீக்க வலிய கரைப்பானோ சுரண்டலோ தேவை. இரண்டும் அடியில் உள்ளதையும் சேர்த்தே எடுத்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெறும் போர்ட் பிளேரின் ஈரக்காற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்வைக்குத் தெரியும் முகத்தில் மட்டும் படலம் இருந்தால் இரு முகங்களும் ஈரத்தைச் சமமாக வாங்கி விடுவதில்லை; பலகை வளையத் தொடங்கும்.

புதிதாகச் செய்த கிதாருக்கோ, மாணவர்கள் தொட்டுப் பழகும் நகல் பலகைக்கோ இதே பூச்சு பயன்படலாம். அங்கே அதன் குறைந்த நெடி உண்மையான நன்மை. பூச்சின் வேதியியல் இங்கு வழக்கல்ல. புதுப்பித்தலைப் பாதுகாத்தல் என்று அழைக்கும் சோம்பல்தான் வழக்கு. களப்பதிவில் பேச்சாளரின் தயக்கங்களையும் திருத்தங்களையும் வெட்டி எறிந்துவிட்டு அதை 'தெளிவான தரவு' என்று வைக்கும் மொழியியலாளரை எந்தக் கருத்தரங்கும் பொறுத்துக்கொள்ளாது. அதே செயலைத் தூரிகையால் செய்பவருக்கு மட்டும் ஏன் பாராட்டு?

செய்ய வேண்டியவை எளியவை: மெல்லிய உலர் தூரிகை, சீரான ஈரப்பதம், நேரடி வெயில் படாத இடம், எதையும் தொடுமுன் முழுமையான ஒளிப்பட ஆவணம். அவற்றோடு ஒரு கேள்வியும் சேர வேண்டும். கிரேட் அந்தமானியர் சமூகம் இன்றும் வாழ்கிறது. அவர்களுக்கென ஸ்ட்ரெய்ட் தீவில் குடியிருப்பும் உண்டு. அவர்களின் முன்னோர் பாதம் பட்ட மரத்தின் மீது என்ன பூசலாம், எதையும் பூசாமல் விடலாமா என்பதை முதலில் யாரிடம் கேட்க வேண்டும்? வார்னிஷ் டப்பாவைத் திறக்குமுன் சேகரிப்பாளர் விடை சொல்ல வேண்டிய கேள்வி அது.