ஆம்புலன்ஸ் குழியை மூடாது

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் 2024 தொடக்கத்தில் என்னிடம் கேட்டார்: “எவனோ எங்கேயோ ராக்கெட் விட்டா, ஜெர்மனிக்குப் போற என் சரக்குக்கு ஏன் சார் வாடகை ஏறணும்?”

நியாயமான கேள்வி. 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹூதிகள் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்கினார்கள். காசாவுக்காக என்றார்கள். செத்தது யார்? 2024 மார்ச்சில் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலில் இறந்த மூவரில் இருவர் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஒருவர் வியட்நாம்காரர். வயிற்றுப்பாட்டுக்குக் கப்பல் ஏறியவர்கள். இதற்குப் பெயர் போராட்டமா? கப்பல் கம்பெனிகள் பயந்துபோய் ஆப்பிரிக்காவைச் சுற்றின. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம். அந்த பில்தான் அம்பத்தூருக்கு வந்தது.

“குண்டு போட்டு ஒழிச்சுக் கட்டணும்” என்பீர்கள். டாங்க் செய்யும் ஆவடிக்குப் பக்கத்தில் வசிப்பவன் நான். ஆயுதமே கூடாது என்கிற சாமியார் இல்லை. ஆனால், ஒழிந்ததா? 2015 மார்ச்சிலிருந்து சவூதி கூட்டணி ஏழு வருஷம் குண்டு போட்டது. 2014-ல் ஹூதிகள் பிடித்த தலைநகர் சனா அவர்கள் கையிலேயே இருந்தது. 2021 முடிவதற்குள் போரிலும் பசியிலும் நோயிலும் மாண்டவர்கள் சுமார் 3,77,000 பேர் என்கிறது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. 2022 ஏப்ரலில் ஐ.நா. பேசிக் கொண்டுவந்த போர்நிறுத்தம்தான் அந்தக் குண்டுவீச்சை நிறுத்தியது.

அமெரிக்காவும் அடித்துப் பார்த்துவிட்டு, 2025 மே மாதம் ஓமன் மூலம் பேசி ஒதுங்கியது. தன் கப்பல்களுக்கு மட்டும் பேசிய பேரம். ஜூலையில் கிரேக்கக் கம்பெனிகளின் இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன.

‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலிலிருந்து 21 பேரை மீட்டது நம் ஐ.என்.எஸ். கொல்கத்தா. அதற்கு ஒரு சல்யூட். பூந்தமல்லி ரோட்டில் குழியில் விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் வேண்டும்தான். குழியை யார் மூடுவது?

குழி, கடலில் இல்லை. ஏமனின் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. துறைமுகம் யாருக்கு, எண்ணெய்ப் பணம் யாருக்கு, அரசு ஊழியர் சம்பளத்தை யார் கொடுப்பது என்று ஏமன்காரர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்காதவரை, இந்தக் கடலுக்கு நிம்மதி கிடையாது. அவர்களை உட்கார வைக்க, ஆயுதம் கொடுத்த ஈரானையும் சவூதியையும் அமீரகத்தையும் நெருக்க வேண்டும்.

நமக்கென்ன என்காதீர்கள். 2015-ல் ‘ஆபரேஷன் ராஹத்’தில் இந்தியா சுமார் 5,600 பேரை ஏமனிலிருந்து மீட்டது. குண்டு போட்ட சவூதியும் வழிவிட்டது. ஹூதிகள் வசமிருந்த சனாவிலும் நம் விமானம் இறங்கியது. இருதரப்பும் நம்மை நம்பின. அந்த நம்பிக்கையைச் சமாதானத்துக்குச் செலவழிக்காமல், எதற்காக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்?