யார் காசில் யாருக்குப் பயிற்சி?

அமெரிக்காவில் போலீசுக்குப் பறிமுதல் பயிற்சி கொடுப்பதால் மக்களுக்குச் செலவே இல்லை, பறிமுதலான பணமே அதற்கு ஆகிவிடுகிறது என்று ஒரு வாதம் இருக்கிறது. சரி, அந்தப் பணம் யார் வீட்டுப் பணம் தோழர்களே? இதைக் கேட்டால் மட்டும் பதில் வராது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 'சிவில் பறிமுதல்' என்று அதற்குப் பெயர். ஒருவர்மேல் குற்றத்தை நிரூபிக்க வேண்டாம். கைதுகூடச் செய்ய வேண்டாம். அவருடைய பணத்தின்மேல், காரின்மேல், வீட்டின்மேல் சந்தேகம் வந்தால் போதும், எடுத்துக்கொள்ளலாம். வழக்கும் பொருளின்மேல்தான். 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கின் பெயரே 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 1,24,700 டாலர்'! காசு கூண்டில் நிற்கிறது. காசுக்குரியவர் கைக்காசைப் போட்டு வக்கீல் வைத்து அலைய வேண்டும்.

1984இல் ரீகன் ஆட்சியில் வந்த சட்டம் இதில் பங்கு வைத்தது. உள்ளூர்ப் போலீஸ் பிடித்துக் கொடுத்தால் 80 விழுக்காடுவரை அவர்களுக்கே திரும்பும். அதில் பயிற்சிக்கும் செலவழிக்கலாம். பறித்த காசில் பயிற்சி, பயிற்சி முடித்து மறுபடி பறிப்பு. இதுதான் செலவில்லாத பயிற்சியா?

2001 செப்டம்பருக்குப் பிறகு மத்திய அரசுத் துறைகள் நெடுஞ்சாலைச் சோதனைப் பயிற்சிக்கு மில்லியன் கணக்கில் வரிப்பணத்தைக் கொட்டின. தனியார் கம்பெனிகள் கடை விரித்தன. 'டெசர்ட் ஸ்னோ' அதில் ஒன்று. 2013இல் ஒக்லஹோமா மாநிலத்தின் கேடோ மாவட்டத்தில் அந்தக் கம்பெனிக்குச் சம்பளம் எப்படிப் பேசினார்கள் தெரியுமா? பயிற்சி நாளில் பிடிபடும் பணத்தில் 25 விழுக்காடு! வாத்தியாருக்கே கமிஷன் என்றால் மாணவன் எதைத் தேடுவான்? குற்றத்தையா, பர்ஸையா? நீதிபதி ஒருவர் கண்டித்த பிறகுதான் அந்த ஏற்பாடு நின்றது.

'போதைப்பொருள் முதலாளிகளைத்தானே பிடிக்கிறார்கள்' என்பார்கள். பொய். 2014இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை கணக்கெடுத்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு இந்தப் பங்குத் திட்டத்தில் வாரண்டும் இல்லாமல், குற்றச்சாட்டும் இல்லாமல் பணத்தைப் பிடித்தது 61,998 முறை. தொகை 250 கோடி டாலருக்கு மேல். அதில் பாதி, ஒவ்வொன்றும் 8,800 டாலருக்கும் கீழே. இது முதலாளியின் பெட்டகமா? பழைய கார் வாங்கவோ, கடைக்குச் சரக்கெடுக்கவோ கொண்டுபோகிற காசு!

யாருடைய காசு என்பதற்கு டெக்சாஸின் டெனஹா ஊர் சாட்சி. 2006 முதல் 2008 வரை அங்கே சாலையில் நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள். பணத்தை எழுதிக் கொடு, இல்லேன்னா வழக்குப் போடுவோம், பிள்ளையைப் பிடுங்கிக்குவோம் என்று மிரட்டியதாக வழக்கு நடந்தது. 2012இல் சமரசம் ஆனது. நிறத்தைப் பார்த்து நிறுத்தி, சட்டத்தைக் காட்டிப் பறிப்பது கொள்ளையல்லாமல் வேறென்ன?

ஆக, மக்கள் மூன்று முறை கட்டுகிறார்கள். பயிற்சிக்கு வரியாக ஒரு முறை. பறிகொடுத்த பணமாக இன்னொரு முறை. வழக்கில் மாட்டினால் நஷ்டஈடாக மூன்றாவது முறை. பிலடெல்பியா நகரம் 2018இல் ஏற்றுக்கொண்ட நஷ்டஈட்டு நிதி மட்டும் 30 லட்சம் டாலர். போலீஸ் தன் சம்பளத்திலிருந்தா கொடுத்தது?

பயிற்சியைத் திருத்தி எழுதினால் இது தீராது. பங்கை வெட்ட வேண்டும். 2014 செப்டம்பரில் நியூ மெக்சிகோவில் நடந்த பறிமுதல் கருத்தரங்கில் ஒரு நகர அரசு வக்கீல், ஒருத்தருடைய மெர்சிடிஸ் காருக்குத் தன் அதிகாரிகள் எப்படி ஆசைப்பட்டுக் காத்திருந்தார்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னது வீடியோவில் அம்பலமானது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் சிவில் பறிமுதலை ஒழித்தது. குற்றம் நிரூபணமாக வேண்டும். பணம் போலீசுக்கல்ல, பொதுக் கருவூலத்துக்கு. ஆனால் உச்ச நீதிமன்றமோ 2024 மேயில், கார் பறிபோனவருக்கு உடனடி விசாரணை கேட்கும் உரிமைகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டது.

பறிப்பவனுக்கே பங்கு இருக்கிறவரை, எந்த வகுப்பறையிலும் நீதியைச் சொல்லித்தர முடியாது.