ஜார்ஜியாவில் மாமா என்றால் அப்பா

ஜார்ஜிய மொழியில் தந்தையை ‘மாமா’ என்பார்கள். தாய்க்கு அங்கே ‘தெதா’ என்று பெயர். சுவாஹிலியிலும் சீனத்திலும் ‘மாமா’ தாயைக் குறிக்கும். துருக்கியில் அது குழந்தைக்கு ஊட்டும் உணவு. நடு ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ட்ஜாரா மக்களுக்கு, ஜார்ஜியருக்குப் போலவே, மாமா என்றால் அப்பா. நமக்கோ தாயுடன் பிறந்தவர் மாமா. அத்தையின் கணவரும் மாமாதான், சில வீடுகளில் மாமனாரும் கணவரும்கூட.

இந்த ஆறு மொழிகளும் ஆறு வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. மொழிக்குடும்பம் என்பது ஒரே மூதாதை மொழியிலிருந்து கிளைத்த மொழிகளின் தொகுதி. ஒன்றுக்கொன்று உறவில்லாத இத்தனை மொழிகளுக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? மொழிகளை விட்டுவிட்டுக் குழந்தையின் வாயைக் கவனித்தால் விடை கிடைக்கும்.

ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தை அசைகளை அடுக்கி ஒலிக்கத் தொடங்குகிறது. அப்போது அதற்கு நன்றாகக் கைவந்திருப்பது தாடையை மூடித் திறப்பது மட்டுமே. நாக்கை மடிக்கவோ நுனியை அண்ணத்தில் குறிபார்த்து வைக்கவோ இன்னும் பழகவில்லை. தாடை மூடும்போது உதடுகள் சேர்கின்றன. அந்த நேரம் காற்று மூக்கு வழியே போனால் ‘ம’ பிறக்கும். வாயில் அடைபட்டு வெடித்தால் ‘ப’. இரண்டும் இதழ் சேரப் பிறப்பவை என்று தொல்காப்பியமே சொல்கிறது. வாய் நன்றாகத் திறந்தால் கிடைக்கும் உயிர் ‘ஆ’. தாடை ஓயாமல் அசைவதால் அதே அசை திரும்பத் திரும்ப வருகிறது. மாமாமா, பாபாபா என்று குழந்தை சொல்வது இப்படித்தான். அந்த நிலையில் அதற்குப் பொருள் ஏதும் இல்லை.

பொருளைக் கொடுப்பவர்கள் சுற்றியிருக்கும் பெரியவர்கள். குழந்தை தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று அருகில் இருப்பவர் மகிழ்ந்துபோகிறார். குழந்தையிடம் அதையே திருப்பிச் சொல்கிறார். பலமுறை சொல்லச் சொல்ல ஒலி அவருடைய பெயராகிவிடுகிறது. எந்த ஒலி யாருக்கு என்பதை அந்தந்தச் சமூகத்தின் வழக்கம் தீர்மானிக்கிறது.

ஆனாலும் ஒரு சாய்வு இருக்கிறது. மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் உலக மொழிகளிலிருந்து தாயையும் தந்தையையும் குறிக்கும் 1,072 சொற்களைத் தொகுத்தார். தாயைக் குறித்தவற்றில் 55 விழுக்காடு ம, ந போன்ற மூக்கொலி கொண்டவை. தந்தையைக் குறித்தவற்றில் 15 விழுக்காடே. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் இதற்கு ஒரு காரணம் சொன்னார். பால் குடிக்கும்போது குழந்தையின் வாய் அடைபட்டிருக்கிறது. மூக்கு வழியாக மட்டுமே முனகல் வரும். பிறகு பசித்தாலும் பாலைக் கண்டாலும் குழந்தை அதே முனகலை எழுப்புகிறது. அது உணவைக் கேட்கும் ஒலியாகி, உணவு தருபவளின் பெயராகிறது என்பது அவர் விளக்கம். துருக்கியில் மாமா உணவாக இருப்பதும், ஜப்பானில் குழந்தைகளின் சோற்றுக்கு ‘மம்மா’ என்று பெயர் இருப்பதும் இதனோடு நன்றாகப் பொருந்துகின்றன.

சாய்வை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. மாறான எடுத்துக்காட்டுக்கு ஜார்ஜியா வரை போகவேண்டியதில்லை. மங்களூர் பக்கம் பேசும் துளு நம் திராவிடக் குடும்பத்து மொழி. அதில் ‘அப்பெ’ தாய், ‘அம்மெ’ தந்தை.

இங்கே கொரிய மொழியைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும். கொரியக் குழந்தை தாயை ‘ஒம்மா’ என்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் கூப்பிடும். கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்கும் தமிழர்கள் இதைக் கேட்டு நெகிழ்வது இயல்பு. ஆனால் குழந்தை வாயில் எங்கும் தானாக முளைக்கக்கூடிய சொற்கள் இரு மொழிகளின் உறவுக்குச் சான்றாகமாட்டா.

சான்று எப்படி இருக்கும் என்பதற்குக் கன்னடத்தைப் பார்க்கலாம். நம் பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. நம் சொல் முதல் பகரம் அங்கே வரிசையாக ஹகரமாகிறது. பழங்கன்னடத்தில் அந்த இடங்களில் பகரமே இருந்தது. இப்படி ஒழுங்காகத் திரும்பி வரும் மாற்றத்தை ஒலியிணைவு என்பார்கள். உறவை நிறுவுவது ஒலியிணைவுதான். சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

ஒன்றுபோல் கேட்பது மட்டும் உறவாகவும் ஆகாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வழங்கிய ம்பபாரம் மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்று பெயர். ஆங்கிலத்திலிருந்து வாங்கிய சொல் அல்ல. அண்டை மொழியான யிதினில் நாய் ‘குடாகா’. ம்பபாரத்தில் முதல் அசையும் கடைசி உயிரும் உதிர்ந்து, இடையிலிருந்த உயிரும் மாறி, டாக் ஆனது. ஒலியும் பொருளும் ஒத்திருந்தும் ஆங்கிலச் சொல்லோடு அதற்கு உறவில்லை. அவ்வளவாக ஒத்து ஒலிக்காத குடாகாவோடுதான் உறவு.

கொரியத்துக்கும் திராவிட மொழிகளுக்கும் தொடர்பு தேடும் முயற்சி புதிதல்ல. அமெரிக்க மதபோதகர் ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே இரண்டையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். மொழியியலாளர்கள் பொதுவாக அந்த உறவை ஏற்கவில்லை. தேடலைத் தொடர விரும்புவோருக்குத் தடை ஏதும் இல்லை. எண்ணுப்பெயர், உடலுறுப்பு, அன்றாட வினைச்சொற்கள் என்று பட்டியல் போட்டு ஒலியிணைவு தென்படுகிறதா என்று பார்க்கலாம். அந்தப் பட்டியலில் அம்மா, அப்பா இரண்டையும் சேர்க்கக்கூடாது.